பக்கத்து இலை

திருவாதவூர்ச் செங்கல் சூளை வேலையை உதறிவிட்டு மதுரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். சித்திரை வெயில், வெறும் வயிறு. வழியில் ஒரு கல்யாணப் பந்தலின் பின்புறம் போய்த் தண்ணீர் கேட்டேன்.

சமையல்காரருக்குத் தொப்பையே இல்லை. வேட்டி நழுவாமலிருக்க இடுப்பில் துண்டை இறுக்கியிருந்தார். "சாப்பிட உக்காருப்பா" என்று தன் பக்கத்திலேயே இலை போடச் சொன்னார். நான் வாரி விழுங்கி முடித்ததும், ஒரு பருக்கையும் தொடாத தன் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அவர் மனைவி என்னை முறைத்தார். "வெயில் வந்தா இவருக்குச் சோறு இறங்காது. போன வருசம் அடுப்படியிலயே மயங்கி விழுந்தாரு. பக்கத்து இலைக்காரன் சாப்பிடுறப்ப எந்திரிக்கக் கூடாதுன்னு ஒரு மரியாதை மட்டும் உண்டு. நீ மெதுவாத் தின்னிருந்தா, உக்காந்த நேரத்துக்கு அவரும் ரெண்டு வாய் தின்னிருப்பாரு. அதுக்கும் வழியில்லாம அள்ளிப் போட்டு முடிச்சுட்ட."

பாத்திரம் கழுவிக் கொடுத்து அங்கேயே தங்கினேன். சாயங்காலம் அவரும் நானும் மறுபடி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் அப்பளத்தைக்கூடப் பொடிப்பொடியாகத் தின்றேன்.

"என்னப்பா, கல்லு பொறுக்குறியா?"

"ருசியா இருக்குண்ணே. வேகமாத் திங்க மனசில்ல."

"எம்புட்டு நேரந்தான் உக்காருறது?"

"நீங்க எந்திரிங்கண்ணே."

எழவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே தயிர்ச்சோற்றைப் பிசைந்தார். கண்ணை மூடி, கஷாயம் குடிப்பதுபோல நாலு கவளம் விழுங்கினார். அவர் மனைவி என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மறுநாள் காலை சோழவந்தான் கல்யாணத்துக்கு அவரே என்னைக் கூப்பிட்டார். மற்றவர்களிடம் காய் நறுக்க ஆள் என்றார். என் வேலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுவது. பசித்தவனுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.