கண்ணை மூடச் சொன்ன சனிக்கிழமை

என் கணவரின் அலுவலகத்தார் அந்த வார இறுதிக்கு 'ஓட்டமும் ஓய்வும்' என்று பெயர் வைத்திருந்தார்கள். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் காலையில் மலைப்பாதை ஓட்டம். ஓடாதவர்களுக்கு மரங்களுக்கிடையே ஊஞ்சல் படுக்கை, தியானம். நான் கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா றப்பர் பால் வாளியோடு ஏறி இறங்கிய மாதிரியான மேட்டை, இவர்கள் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள்.

நான்கு வயது மகளைக் கூட்டிப்போகலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அட்டை, பாம்பு, ஓடை. போகாவிட்டால் கணவருக்கு மரியாதைக் குறைவு. அட்டை ஏறாமலிருக்க மகளின் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்று காலையில் பால் வெட்டிய றப்பர் மரங்களிலேயே ஊஞ்சல்களைக் கட்டியிருந்தார்கள். பட்டையின் வெட்டில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தார்கள். ஒரு மேலதிகாரி மரத்தில் தலை சாய்த்து, முடியில் ஒட்டிய பாலை விரலில் எடுத்து முகர்ந்தார். மூலிகை என்று நினைத்திருப்பார். காய்ந்தால் முடியை வெட்டத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று இருந்துவிட்டேன்.

பயிற்சியாளர் எல்லாரையும் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடச் சொன்னார். மகளை மடியோரம் இருத்தி, "அம்மாவ எழுப்பக் கூடாது, சரியா?" என்றேன். திறந்து பார்க்கலாமா என்று இரண்டு முறை தோன்றியது. சொன்னதைச் செய்தே பழகியவள் நான். மூன்றாம் முறை திறந்தபோது அவளைக் காணவில்லை. கீழே ஓடையின் சத்தம் மட்டும் கேட்டது.

"பதற்றம் மற்றவர்களுக்கும் தொற்றும். முதலில் மூச்சை மெதுவாக விடுங்கள்" என்றார் பயிற்சியாளர். இன்னொருவர் ட்ரோனில் சார்ஜ் இருக்கிறதா என்று விசாரித்தார். என் கணவர் மலைமேல் ஓடிக்கொண்டிருந்தார்.

ஓடைக்கரையில் யாரும் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. வேலை நேரத்தில் தனியாக நிற்கிற பிள்ளையைத் தோட்டத்தில் யார் கண்டாலும் பிள்ளை மடுவத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. யார் பிள்ளை என்பதெல்லாம் பிறகுதான் கேட்பார்கள். எதிரே வந்த பெண்ணிடம் வழி கேட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடினேன். அங்கே இல்லாவிட்டால் என்ற நினைப்பும் கூடவே ஓடி வந்தது.

மடுவத்தில் மகள் தட்டில் சோறு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் அம்மாவா?" என்றார் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா. "அம்மா ஒக்காந்துக்கிட்டே தூங்குறாங்க, எழுப்பக் கூடாதுன்னு சொன்னுச்சு. ஒடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க. ரெஸ்ட் எடுக்க வந்தோம்."

"இவ்வளவு தூரமா? அத ஊட்டுலயே எடுக்க முடியாதா?"

மகளின் வாயோரத்துச் சோற்றைத் துடைத்துவிட்டேன்.

பின்னாலேயே பயிற்சியாளர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கூரை வளையிலிருந்து தொங்கிய சேலைத் தொட்டில்களைப் பார்த்ததும் "ஷோக்" என்று வியந்து, படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார். ஆயம்மா சிங்களத்தில், செருப்பைக் கழற்றும்படியும் பிள்ளைகள் தூங்குவதாகவும் சொன்னார். பயிற்சியாளர் வாசலிலேயே நின்று, தியானம் பாதியில் நிற்கிறது, பிள்ளைதான் கிடைத்துவிட்டதே, வந்து முடித்துவிடலாம் என்று என்னை அழைத்தார். நான் வரவில்லை என்றேன். அந்தச் சொல் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது.

"கொஞ்ச நேரம் இங்க இருக்கலாமாங்க?" என்று ஆயம்மாவிடம் கேட்டேன்.

"சும்மா இருக்காம அந்தத் தொட்டில ஆட்டுங்க. அது முழிச்சா எல்லாத்தையும் எழுப்பிரும்."

கழுத்தில் பதக்கத்தோடு கணவர் வந்தபோது நான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன இது, எல்லாரும் என்ன நெனைப்பாங்க?"

"மெதுவா பேசுங்க" என்றேன். "செருப்பையும் கழட்டுங்க."