நாற்பது வோல்ட் எங்கே போயிற்று

இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார் ஓமக்கா. மேலே வோல்ட், கீழே ஆம்பியர், நடுவில் ஒரு கோடு. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் வாட். காகிதம் நீட்டினால் வாங்கமாட்டார். “பேப்பர் காத்துல பறந்துடும். கை எங்க போகும்?” என்பார். மத்தியானம் சாப்பிடக் கை கழுவும்போது காலைக் கணக்கெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அதற்குள் அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

எங்கள் சட்டைத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் அவர். வயது நாற்பத்தெட்டு. பெயர் பக்தியால் வந்ததல்ல. எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் முதல் கேள்வி, “எத்தனை ஓம் இருக்கு?” என்பதுதான். மின்தடையை அளக்கும் அலகு அது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி விவரம் தெரியாமல், இரண்டு வாரம் அவர் எதிரில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ஊரையே அதட்டுகிற மனிதர், வீட்டில் மிக்சி ஓடும்போது ஹீட்டரைப் போடத் துணியமாட்டார். போட்டால் மனைவி திட்டுவதில்லை. இரண்டையும் கூட்டி, அந்தச் சுவர் ஒயர் எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். அதைவிடத் திட்டு வாங்குவது மேல் என்கிறார் மனிதர். மகள் ஒருமுறை என்னிடம், “எங்கம்மாகிட்ட தலைவலின்னு சொன்னா எத்தனை வோல்ட்னு கேப்பாங்க” என்றாள். ஓமக்கா சிரிக்கவில்லை. மொட்டையாக வலிக்கிறது என்றால் எந்த மருந்தைக் கொடுப்பது என்று திருப்பிக் கேட்டார்.

போன மாதம் ஆறாம் இஸ்திரி மேசையில் தகராறு. நான் சட்டைகளை அட்டைப்பெட்டியில் கட்டும் பிரிவில் இருப்பவன். அந்த மேசையிலிருந்து வரும் சட்டைகளின் காலரில் சுருக்கம் அப்படியே இருக்கும். மூன்று வாரமாக நான்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இஸ்திரிப்பெட்டியை இரண்டு தடவை மாற்றினார்கள். பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்த சூப்பர்வைசர், கரண்ட் சரியாகத்தான் வருகிறது என்றார். பெட்டியும் புதிது, கரண்டும் சரி என்றால் மிச்சம் இருப்பது அந்த மேசைப் பெண்தானே? திங்கட்கிழமையிலிருந்து நூல் வெட்டும் பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டார். சம்பளம் குறைந்த பிரிவு அது.

சனிக்கிழமை காலை, லீவு முடிந்து வந்த ஓமக்காவின் காதில் இது விழுந்தது. யாரும் கூப்பிடாமலே ஆறாம் மேசைக்கு வந்தார். தானே செய்து வைத்திருக்கும் ஒரு முழ நீள ஒயரை பிளக்கில் செருகினார். அதன் மேலுறையை உரித்துவிட்டு, இரண்டு கம்பிகளையும் தனித்தனியே விட்டிருப்பார். கரண்ட் அளக்கும் மீட்டர் ஒற்றைக் கம்பியைத்தான் கவ்வ வேண்டும். பெட்டியை மாட்டாதபோது, சூப்பர்வைசர் பார்த்தது போலவே, இருநூற்று முப்பது வோல்ட். மாட்டிச் சூடேறவிட்டதும் நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது. கரண்ட் மூன்று புள்ளி ஆறு ஆம்பியர். இரண்டையும் கையில் எழுதி வகுத்தார்: ஏறக்குறைய ஐம்பத்து மூன்று ஓம். ஐந்தாம் மேசைப் பெட்டியையும் அளந்தார். அங்கே வோல்ட் இறங்கவே இல்லை. ஆனால் மின்தடை அதே ஐம்பத்து மூன்று.

சூப்பர்வைசரிடம் போய், பெட்டியில் குறையில்லை, பெண்ணிடமும் குறையில்லை, ஆயிரம் வாட் பெட்டிக்கு அறுநூற்று எண்பத்து நாலுதான் கிடைக்கிறது என்றார். சாயங்காலம் லாரி வருகிறது, இன்றைக்கு லைனை நிறுத்த முடியாது, நாளைக்கு ஞாயிறு, அப்போது பார்க்கலாம் என்று அவர் சொன்னார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. லாரிக்காக அவரை உலுக்க மேலே நாலு பேர் இருந்தார்கள்.

ஓமக்கா குரலை உயர்த்தவில்லை. உள்ளங்கையை அவர் முன்னால் விரித்தார்.

“சார், நாப்பது வோல்ட் வழியிலயே நின்னுடுது. அதை மூணு புள்ளி ஆறால பெருக்குங்க. நூத்தி நாப்பத்தி நாலு வாட். ஒரு பெரிய குண்டு பல்பைச் சுவத்துக்குள்ள எரியவிட்டு, அதுமேல துணி மூட்டையைச் சாய்ச்சு வெச்சிருக்கோம்.”

சூப்பர்வைசர் மூட்டைகளுக்குப் பின்னால் கையை நுழைத்து, சுவரை மறைத்திருந்த பலகையைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சட்டென்று கையை இழுத்தார். முதல் மூட்டையை அவரே தூக்கினார். நான் இரண்டாவதைத் தூக்கினேன்.

மெயினை அணைத்துப் பலகையைக் கழற்றியபோது தெரிந்தது. யாரோ எப்போதோ இரண்டு ஒயர்களை வெறுமனே முறுக்கி, டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். டேப் உருகி வழிந்திருந்தது. பலகையின் உள்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குக் கரியாகியிருந்தது. ஓமக்கா அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் ஒட்டு இல்லாமல் புது ஒயர் இழுத்தார். முக்கால் மணி நேரம் லைன் நின்றது. மன்னிப்பு என்ற வார்த்தை சூப்பர்வைசர் வாயில் வரவில்லை. பொதுவாகக் காற்றைப் பார்த்து, “ஆறாம் மேசைக்கு ஆள் மாத்த வேணாம், இப்படியே இருக்கட்டும்” என்றார். எனக்கும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மெயினைப் போட்டார்கள். பெட்டி சூடேறியது. அவள் ஒரு சட்டையை விரித்து, காலரின் மேல் பெட்டியை வைத்து, தோளிலிருந்து முழுப் பாரத்தையும் இறக்கி அழுத்தினாள். மூன்று வாரமாக அப்படித்தான் தேய்த்துப் பழகியிருந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

“இனிமே அழுத்த வேணாம்மா” என்றார் ஓமக்கா.

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. ஓமக்கா மேசையைச் சுற்றி வந்து, அவள் முழங்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து, மெல்ல மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பெட்டி தன் பாட்டுக்குக் காலரின் மேல் நகர்ந்தது.