ஒரு பார்ட்டியோடு வாங்க

கம்ப்யூட்டர் விற்பனையில் கடைசிப் படியில் இருப்பவனுக்குக் கம்ப்யூட்டரைத் தொடுகிற வேலையே கிடையாது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, மேனேஜரைப் பார்க்க நேரம் வாங்கிக் கொடுப்பதோடு அவன் கடமை முடிந்தது. அப்புறம் பெரியவர் ஒருவர் காரில் போய் விற்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த வேலைக்காக, கழுத்தில் டையும் கையில் ஃபைலுமாகத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் நின்று அதே விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருந்தவர் நீங்களாகக்கூட இருக்கலாம்.

எனக்கு ஒரு கெடு வேறு இருந்தது. கூடுவாஞ்சேரியில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் என் மாமா, அம்மாவின் தம்பி, பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் நான் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். மாமா நல்ல மனிதர்தான். ஆனால் கடையில் எனக்காகப் போடப்போகிற நாற்காலியில் ஒரு தரம் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

டூ வீலர் அவசியம்

முதல் விளம்பரத்திலேயே அப்படிப் போட்டிருந்தார்கள். என்னிடம் இருந்தது ரயில் சீசன் டிக்கெட் மட்டும். அஸ்தினாபுரத்தில் இருந்த என் கல்லூரி நண்பன் சேவியரிடம் ஒரு மொபெட் இருந்தது. அவனும் அதே வேலைக்குத்தான் போகிறான். "கேட்டா உன் வண்டின்னே சொல்லு மச்சான்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டைக்கு வந்தான்.

இன்டர்வியூ மாடியில். கேள்வி கேட்டவர் ஜன்னல் வழியாக வண்டியைக் காட்டச் சொன்னார். சீட்டில் ஒட்டுப் போட்ட பச்சை மொபெட்டைக் காட்டினேன். எனக்குப் பிறகு உள்ளே போன சேவியரும் அதே ஜன்னலில் நின்று அதையே காட்டியிருக்கிறான். எங்கள் இருவரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டார். கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளா வர்றதா இருந்தா சொல்லுங்க, யோசிக்கிறேன்."

விசிட்டிங் கார்டு

பல்லாவரத்தில் ஒரு கம்பெனி. அங்கே கேள்வியே இல்லை. நாலு மணிக்குள் எத்தனை கம்பெனிகளில் ஏறி விசிட்டிங் கார்டு வாங்கி வருகிறோம் என்பதுதான் பரீட்சை. வெயிலில் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அலைந்து, கை நிறையக் கார்டோடு வந்தேன். ரொம்ப சந்தோஷப்பட்டு எல்லாவற்றையும் டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார்கள். முடிவைத் தபாலில் தெரிவிப்பதாகச் சொன்னார்கள். இன்று வரை தபால் வரவில்லை.

அடுத்த வாரம் சானடோரியம் பக்கம் இன்னொரு கம்பெனி. அங்கேயும் இதே பரீட்சை. அதற்கடுத்த கம்பெனியிலும் அதே. ஆளே எடுக்காமல் ஆள் செய்கிற வேலையை முடித்துக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எரிச்சலாக வந்தது. இருந்தாலும் பொங்கல் நெருங்குகிறதே என்று மறுபடியும் கிளம்பி, குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி வாசலில் போய் நின்றேன். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், போன வாரம்தான் வாங்கிகினு போன, அதுக்கு முந்தியும் வாங்கிகினு போன. எங்க மேனேஜர் கையிலகூட இவ்ளோ கார்டு கீதோ இல்லியோ."

சாக்ஸ்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போக முடியாது. குன்றத்தூர் கோயிலுக்குப் போனது போல வெளியே விட்டுவிட வேண்டும். தாம்பரத்தில் நான் போன ஐந்தாவது கம்பெனியில் இன்டர்வியூவையே அந்த அறையில் வைத்தார்கள். ஷூவுக்குப் பாலிஷ் போட்ட எனக்கு சாக்ஸைப் பார்க்கத் தோன்றவில்லை. வலது கட்டை விரல் முழுசாக வெளியே நின்றது.

கேள்வி கேட்டவர் ஒரு மேடம். இடது காலால் வலது காலை மறைத்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னது: "காலை எடுங்க, விழுந்துடப் போறீங்க. எங்க வீட்லயும் எல்லார் சாக்ஸும் இப்படித்தான்."

பரீட்சை

அந்த மேடம் கார்டு கேட்கவில்லை. "சனிக்கிழமை ஒரு பார்ட்டியோடு வாங்க" என்றார். அதாவது, மெஷினைப் பார்க்கச் சம்மதிக்கிற ஒரு நிஜ ஆளைக் கூட்டி வர வேண்டும். அடுத்த வாரம் பொங்கல். இதை விட்டால் கடைதான். கார்டு கொடுத்த ஒருவர்கூட வரச் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை காலை வெட்கத்தை விட்டுச் செங்கல்பட்டு வண்டி ஏறி, மாமா முன்னால் போய் நின்றேன்.

"வாங்கணும்னு கட்டாயம் இல்லையே?" என்றார். பார்த்தால் போதும் என்றேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எந்தக் கடைக்குப் போகாமல் இருக்க நான் அலைகிறேனோ, அந்தக் கடைக்காரரே எனக்காக ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மேடம் அவர் கடைப் பெயரிலேயே ஒரு பில் அடித்துக் காட்டினார். பிரிண்டர் கிறீச்சிட்டு முடித்ததும் மாமா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிமெண்ட் தூசியில் இந்த மெஷின் தாங்குமா என்று கேட்டார். ஏசி போட்டால் தாங்கும் என்றார் மேடம். மாமா பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இருபது வருஷமா அந்தத் தூசியில நான் உட்கார்ந்திருக்கேன். எனக்கு ஏசி வேணும்னு யாருமே சொல்லலியேம்மா."

போஸ்டிங்

வேலை அன்றைக்கே கிடைத்தது. அம்மா என் வாயில் சர்க்கரை போட்டாள். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொங்கல் முடிந்து, புது சாக்ஸோடு போய் நின்றேன். இடையில் மாமா போன் செய்து மெஷினுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். புது மெஷின் வாங்கியவர் கூடவே மூன்று மாதம் ஒரு ஆள் உட்கார்ந்து பழக்கிக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கமாம். என் பார்ட்டி என்பதால் என்னையே அனுப்பினார்கள்.

டை கட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரியில் இறங்கினேன். கடைக்குள் கண்ணாடி அறை, ஏசி, வாசலில் லோடுமேன்கள் கழற்றிவிட்ட செருப்புகள். நான் எத்தனையோ நாள் பயந்த அதே நாற்காலியை மாமா துண்டால் தட்டி, மெஷின் முன்னால் இழுத்துப் போட்டார். "பொங்கலுக்குள்ள வரச் சொன்னேன், ஒரு வாரம் லேட்டு. பரவாயில்ல, உட்காருடா."

ஆக, என்னோடு அலைந்த அன்பர்களே, நான் விற்ற முதல் கம்ப்யூட்டரோடு இனாமாகப் போன சாமான் நான்தான்.