இடைவேளை வரை பார்த்த படங்கள்

போன வருஷம் நான் பார்த்த படங்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். அதில் இரண்டுக்குத்தான் எனக்கு முடிவு தெரியும். மற்றதெல்லாம் இடைவேளை வரை.

தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலை எனக்கு. வருகிற தோலுக்கு உப்புப் போட்டு அடுக்க வேண்டும். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். சினிமா ஆசை எனக்கு இல்லை, என் மனைவிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவில் ஒரு கொட்டகையில் தமிழ்ப் படம் போடுவார்கள். ஒரே ஆட்டம். அடுத்த ஞாயிறு வேறு படம். கல்யாணமான மூன்று வருஷத்தில் அவள் ஒன்றையும் விட்டதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவேன்.

அவளுக்கு இருமல் வந்தது. பிறகு ரத்தம் வந்தது. காசம் என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வடாலா தாண்டிப் போக வேண்டும். ஞாயிறு நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை பார்க்க விடுவார்கள்.

முதல் ஞாயிறு சாத்துக்குடி வாங்கிப் போனேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவை அவள் சொன்னாள்.

"அடுத்த வாரம் படத்துக்குப் போய்ட்டு வாங்க. அதையாவது சொல்லலாம்லா."

போனேன். வாசலில் பாட்டுப் புத்தகமும் வாங்கினேன். நாலு மணிக்குக் கட்டில் பக்கத்தில் நின்று கதையைச் சொன்னேன்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரு. சொத்துச் சண்ட. அண்ணன் செத்துப் போனான். தம்பி அழுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ரெண்டே முக்கால் மணி நேரம் ஓடுன படம். ஒரு பீடி பத்த வைக்கதுக்குள்ள முடிச்சிட்டீயளே. அண்ணன் செத்ததையும் சொல்லியாச்சு. இனி எனக்கு என்ன இருக்கு?"

பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். அதில் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் போட்டிருப்பார்கள். பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பார்கள். அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இந்தப் புத்தகக்காரனுக்கு இருக்க புத்தி ஒங்களுக்கு இல்ல. இனிமே இடைவேளையோட எந்திரிச்சு வந்துருங்க. அது வரைக்கும் உள்ளத ஒழுங்கா சொல்லுங்க. மீதிய நான் வீட்டுக்கு வந்த பெறவு ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."

ஓடிப் போன படம் மறுபடி எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என்று சொல்லிவிட்டாள். அது போதும்.

அன்றிலிருந்து இடைவேளை மணி அடித்ததும் எழுந்துவிடுவேன். டிக்கெட் கிழிக்கிறவருக்கு நாசரேத் பக்கம். இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, வீட்ல சொல்லாம வந்தீயளோ? அவுக தேடி வாரதுக்குள்ள ஓடணுமோ?"

"ஆமா" என்றேன்.

பாதிப் படத்தை ஒரு மணி நேரம் சொல்ல வேண்டும். தூங்கினால் முடியாது. கண்ணைத் திறந்து பார்த்தேன். யார் எங்கே நின்றார்கள், என்ன கையில் வைத்திருந்தார்கள், யார் பேசும்போது யார் தலையைக் குனிந்தார்கள், எல்லாம் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கும்போது கதையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன். அதற்கு முன் படத்தில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கதாநாயகி கோபித்துக்கொண்டு உள்ளே போகிறாள். போகிற வழியில் கொடியில் காய்கிற அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். ஒரு நொடிதான். தூங்கியிருந்தால் போயிருக்கும்.

அதைச் சொன்ன அன்று அவள் கேட்டாள். "சேல என்ன கலர்?"

"பச்சை."

படம் கறுப்பு வெள்ளை. வாயில் வந்துவிட்டது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மராட்டிக்கார அம்மா. எல்லோரும் மாவுஷி என்று கூப்பிடுவார்கள், நம்ம ஊர்ச் சித்தி மாதிரி. நான் சொல்லச் சொல்ல என் மனைவி அதை இந்தியில் அவருக்குச் சொல்வாள். மீதிக் கதை என்னவாக இருக்கும் என்று இருவரும் வாரம் முழுக்கப் பேசுவார்களாம். மாவுஷிக்கு ஒரே முடிவுதான். கதாநாயகனுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு படத்தில் அவனுக்கு ஏற்கெனவே இரண்டு பெண்டாட்டி. அதற்கும் அதையேதான் சொன்னார்.

நான் படம் சொன்னேன். அவள் எனக்குப் புத்தகம் சொன்னாள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருப்பார். அதில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா தங்கை கதை. தங்கை கொழும்புக்குக் கப்பலேறுகிறாள். கடிதம் வரவில்லை. ஐந்து மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆரம்பிப்பாள். தபால்காரன் தெருமுனையில் வந்துவிட்டான் என்பாள். மணி அடிக்கும்.

"மீதி அடுத்த ஞாயித்துக்கெழம. நீங்க மட்டும்தான் பாதில விடுவீயளோ?"

பஸ்ஸில் வரும்போது அந்தத் தபால்காரனையே நினைத்துக்கொண்டு வருவேன். அடுத்த ஞாயிறு அவள் இருப்பாள், சொல்லுவாள் என்று நினைப்பேன்.

ஒரு ஞாயிறு போனபோது மாவுஷியின் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. நான் படத்தைச் சொன்னேன். இந்தியில் சொல்ல ஆள் இல்லாததால் சீக்கிரம் முடிந்தது. அவள் புத்தகத்தை எடுத்தாள். தபால்காரன் வந்தான். தங்கை இறந்துவிடவில்லை. அக்கா கப்பல் துறைக்குப் போனாள். நிறுத்தவே இல்லை. கடைசிப் பக்கம் வரை சொல்லிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள்.

"திருப்பிக் குடுத்துருங்க. அடுத்த வாரம் படத்த முழுசா பாத்துட்டு வாங்க."

"ஏன்?"

"சும்மாதான்."

அந்த வாரம் கிடங்கில் உப்பு எங்கே போட்டேன், எங்கே விட்டேன் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிறு படத்துக்குப் போனேன். இடைவேளை விட்டார்கள். உட்கார்ந்திருந்தேன். மறுபடி மணி அடித்து விளக்கை அணைத்தார்கள். முழுசாகப் பார்த்தால் அவள் சொன்னதற்கு நானும் சரி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். இருட்டில் நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தேன். திட்டினார்கள்.

நாலு மணிக்கு அவள் கேட்டாள். "முழுசா பாத்தீயளா?"

"இல்ல."

"நான் சொன்னேம்லா?"

"சேந்து பாப்போம்னு மொதல்ல சொன்னது நீதான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்தேன். முழுப் பழமும் ஆயிற்று. திரும்பாமலே ஒரு சுளையை எடுத்தாள்.

"சரி, சொல்லுங்க. பாதியாவது ஒழுங்கா இருக்கட்டும்."

சொன்னேன். நடுவில் திரும்பிப் படுத்தாள். மணி அடித்தது. நான் வாசல் வரை போனதும் கூப்பிட்டாள்.

"ஏங்க, வேற புத்தகம் கொண்டாங்க. பெருசா இருக்கட்டும்."

அதற்கப்புறம் மூன்று பெரிய புத்தகம் ஆயிற்று. எட்டு மாதம் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். இளைத்துத்தான் வந்தாள். ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு ஒரு ஞாயிறு இருவரும் மாட்டுங்காவுக்குப் போனோம். அன்றும் கறுப்பு வெள்ளைப் படம்தான்.

இடைவேளை மணி அடித்தது. நான் எழுந்து நின்றேன். கால் தானாக எழுந்துவிட்டது. அவள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீய? உக்காருங்க."

உட்கார்ந்தேன். விளக்கை அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்கிவிட்டாள். அவ்வளவு தூரம் நடந்து வந்த களைப்பு. நான் எழுப்பவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

வெளியே வந்ததும் டிக்கெட்காரர் எங்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வழி விட்டார்.

"என்னய எழுப்பக் கூடாதா? மீதி என்னாச்சு?" என்றாள்.

தாராவி வரை மெதுவாக நடந்தோம். ஒன்றும் விடாமல் சொன்னேன். ரயில்வே பாலத்தில் ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றோம். கதையையும் நிறுத்தினேன். இறங்கிய பிறகு மறுபடி ஆரம்பித்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் முடிந்தது.

"கடைசில அவ கட்டியிருந்த சேல என்ன கலர்?"

"பச்சை."

சிரித்தாள். நின்று சிரித்தாள். இருமல் வரும் என்று முதுகைத் தடவக் கையைத் தூக்கினேன். வரவில்லை.