உம்மா உடன்படவில்லை

எங்கள் பக்கத்து வளவில் வீடு கட்டுகிறார்கள். போன மாதம் கூரைக்குக் கொங்கிறீட் பிளேட் போட்டார்கள். அதன் பிறகு தினமும் காலையில் ஒருவர் மேலே ஏறி நின்று குழாயால் தண்ணீர் அடிப்பார். ஈரச் சீமெந்தின் வாசனை எங்கள் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும். சிலருக்கு அது பிடிக்கும். பரக்கத்தான வாசனை, வீடு நிறையும் என்பார்கள். எனக்கு நெஞ்சு கனக்கும். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவேன். தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று என் மனைவி ரிஸானா நினைத்துக்கொண்டாள். நானும் அவளுக்காக இரண்டு தரம் பொய்யாக இருமியிருக்கிறேன்.

எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவான். நானும் அப்படித்தான் நிந்தவூரிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு சைக்கிளும் கொண்டு சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தவன். வாப்பா இருந்தால் வாப்பா கட்டுவார். அவர் இல்லாத குடும்பத்தில் ஆண்பிள்ளையின் தலையில் விழும். தங்கச்சிமார் எல்லாரும் கரையேறும்வரை அவன் தன் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நான் இருபது வருடமாகக் காலை நீட்டிப் படுக்கிற இந்த வீட்டைக் கட்டியவன் நவாஸ். ரிஸானாவின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவன். அதற்கு முன்பே என் கூட்டாளி.

உயர்தரத்தில் நாங்கள் வர்த்தகப் பிரிவு. கணக்கீட்டு டியூஷன் நடந்தது சாய்ந்தமருதுக் கடற்கரையில், ஒரு கிடுகுக் கொட்டிலில். அதை ஒட்டித்தான் கருவாடு காயப்போடுவார்கள். கடற்காற்று திரும்பினால் எங்கள் ஐந்தொகைத் தாளெல்லாம் கருவாடு மணக்கும். வீட்டில் கொப்பியைத் திறந்தால் பூனை வந்து பக்கத்தில் உட்காரும். முன்வாங்கில் ஜெஸீமா, அடிமட்டம் வைத்து இரட்டைக்கோடு கீறுவதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. பாண்டிருப்பிலிருந்து தயாளன் வருவான். மணி இல்லாத சைக்கிளில் வாயாலேயே மணி அடித்துக்கொண்டு வருவான். பின்வாங்கில் நவாஸ். அவனுக்குப் பக்கத்தில் நான். படிப்பில் எனக்கிருந்த ஆர்வத்தால் அல்ல, அவன் விடை தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

நவாஸுக்குக் கணக்கீடு மூச்சு விடுவதுபோல வரும். நாங்கள் பரீட்சை மீதியில் இரண்டு பக்கத்துத் தொகையும் சரிவராமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்க, அவன் முடித்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். எங்களுக்குப் படிப்பித்த சேருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கணக்கு நாளேட்டில் எந்தப் பதிவை எழுதினாலும் அதன் கீழே ஒரு வரி காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதாவிட்டால் தொகை சரியாக இருந்தாலும் பிழை போடுவார். இன்று நானும் ஒரு கணக்கீட்டு ஆசிரியன். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன தகுதியில் சொல்கிறேன் என்பது வேறு விஷயம்.

உயர்தரப் பரீட்சைக்கு முந்திய வருடம் நவாஸின் வாப்பா மௌத்தானார். வீட்டில் மூன்று தங்கச்சிமார். பரீட்சை எழுதிய கையோடு, மூத்தவளுக்காக அவன் கத்தாருக்குப் போனான். பகலில் ஒரு கம்பனியில் கணக்கு எழுதுவது, மிச்ச நேரத்தில் தங்குமிடத்துக் கட்டிலில் குந்தியிருந்து பட்டயக் கணக்காளர் பரீட்சைக்குப் படிப்பது. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் லீவில் வந்து கொழும்பில் ஒரு பகுதியை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டுப் போவான். மூத்தவளுக்கு ஒரு வீடு முடிந்தது. இரண்டாவது தங்கச்சிக்குக் கடற்கரைப் பக்கம் கட்டிய வீடு, கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் போய்விட்டது. எங்கள் டியூஷன் கொட்டில் நின்ற இடமும் அன்றுதான் போனது. தங்கச்சி அல்லாஹ்வின் காவலால் அப்போது கடலுக்குத் தள்ளி, மூத்தவள் வீட்டில் இருந்தாள். நவாஸ் ஊருக்கு வந்து, வெறும் அத்திவாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, திரும்பிப்போய் மறுபடியும் கட்டக் காசு அனுப்பத் தொடங்கினான்.

கடைசித் தங்கச்சிதான் ரிஸானா. அவளுக்கு என்னைக் கேட்டதும் நவாஸ்தான். "ஒன்ன விட்டா நான் ஆர நம்பிக் குடுக்கிற?" என்று கேட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். என் உம்மாவுக்கும் முழுச் சம்மதம். படிக்கிற காலத்தில் நவாஸ் எங்கள் நிந்தவூர் வீட்டுக்கு வந்தால், உம்மா என்னை விட்டுவிட்டு அவனுக்குத்தான் முதலில் சோறு போடுவா. வாப்பா இல்லாத பிள்ளை என்று மீனின் நடுத்துண்டு அவன் பீங்கானுக்குப் போகும். எனக்கு வால்.

நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று. வீடு முடிந்து தரைக்கு மாபிளும் பதிக்க வேண்டும் என்பது பேச்சு. அப்போதுதான் நவாஸின் கடிதம் வந்தது. தொலைபேசி இருந்தும் கடிதம். முக்கியமானதை எழுத்தில் கேட்க வேண்டும் என்பது அவன் கொள்கை. பரீட்சையின் கடைசிப் பகுதி அந்த வருடம் வருகிறது, மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டால் தருவார்கள், ஆனால் அதை எடுத்தால் வீட்டு வேலை நின்றுவிடும், கலியாணத்தை ஒரே ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா, உன் உம்மாவிடம் கேட்டுச் சொல் என்று எழுதியிருந்தான். காரணங்களையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, சேர் சொல்லித்தந்த மாதிரி.

அந்தக் கடிதத்தை நான் வாசித்தபோது உம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. சத்தம் கேட்டது. எழுந்துபோய்க் கேட்டிருந்தால் இரண்டு நிமிடம். நான் போகவில்லை. எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் நாளைச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு வருடம் இருக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதையும் என்னால் இன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கிழமை கடத்திவிட்டு, 'உம்மா உடன்படவில்லை' என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன்.

நவாஸ் அதன் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு சொன்ன நாளில் முடிந்தது. மாபிள் நல்ல வெள்ளை. அவனால் நிக்காஹ்வுக்குக்கூட வர முடியவில்லை. அடுத்த வருடம் எழுதலாம் என்றிருந்தான். அடுத்த வருடம் அவன் கலியாணம், பிறகு பிள்ளைகள். ஒரு கட்டத்தில் பாடத்திட்டமே மாறி, பழைய பகுதிகளைத் திரும்ப எழுத வேண்டும் என்றார்களாம். அவன் விட்டுவிட்டான்.

போன கிழமை ஜெஸீமா எங்களைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தாள். கல்முனையில் அவள் வீடு. அரச அலுவலகம் ஒன்றில் கணக்காளராக இருக்கிறாள். இரட்டைக்கோடு கீறிய கைக்கு இப்போது நரம்புப் பிடிப்பு, பேனை பிடிக்க முடியாதாம். தயாளன் வங்கியில் முகாமையாளர். அவனுக்கென்று தனியாகக் கோழிக்கறி சமைத்திருந்தாள், எங்களுக்கு மாட்டிறைச்சி. மூன்று பேரும் சுகரைப் பற்றியும் கொழுப்பைப் பற்றியும் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். யாருக்கு என்ன குளிசை, எத்தனை நேரம் என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். பதவி உயர்வைப் பற்றிச் சொல்லும்போதுகூட எல்லார் குரலும் களைத்துப்போயிருந்தது. தயாளன் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்ள எழும்பி, எதற்கு எழும்பினோம் என்பதை மறந்து மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

நவாஸ் கடைசியாக வந்தான். கத்தாரை விட்டுப் போன வருடம் வந்துவிட்டான். முடி முழுக்க நரைத்திருந்தது, நகக்கண்ணில் சீமெந்து. மூத்த மகளுக்கு வீடு தொடங்கியிருக்கிறானாம். நீ இப்போது என்ன செய்கிறாய் என்று தயாளன் கேட்டான். "வீடு கட்டுறன். கடல் கொண்டுபோனதையும் சேத்தா இது அஞ்சாவது," என்றான் நவாஸ். ஜெஸீமா சிரிக்கப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களில் ஒருவன் பெரிய கணக்காளன் ஆவான் என்று சேர் யாரைக் கைகாட்டினார் என்பது அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அவனும் நானும் எட்டு மாதமாகச் சரியாகக் கதைப்பதில்லை. எட்டு மாதத்துக்கு முன் என் உம்மா மௌத்தானா. ஜனாஸாவுக்கு ஊரே வந்தது, நவாஸ் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினான். ரிஸானா அன்றோடு காக்காவுடன் பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் மனம் நொந்துதான் இருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு ரோஷம்கூட வந்தது.

சாப்பிட்டுக் கை கழுவ நாங்கள் இருவரும் பின்பக்கக் குழாயடிக்குப் போனோம். அவன் சவர்க்காரத்தை எடுத்து நகத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினான்.

"ஒங்கட உம்மாட மௌத்துக்கு நான் காய்ச்சல் எண்டு சொன்னது பொய் மச்சான். அவங்க மேல இரிந்த கோவம். ஒரு வரிசம்தானே கேட்டன். எத்தின நாள் சோறு போட்டவங்க, மாட்டன் எண்டுட்டாங்களே எண்டு எனக்கு இத்தின காலமா ஆறல்ல."

இருபது வருடமும் அவன் கோபம் என் மேல் இருந்திருந்தால், நான் ஏதோ ஒரு விதத்தில் தாங்கியிருப்பேன். அது போய் உம்மாவின் மேல் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. உம்மா நோயில் கிடந்தபோது, "நவாஸ் ஏன் மகன் இந்தப் பக்கம் வாறதில்ல?" என்று என்னிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறா. வேலை அதிகம் என்று சொல்வேன்.

"நான் உம்மாட்டக் கேக்கவே இல்ல," என்றேன். "நானாத்தான் அப்பிடி எழுதினன்."

அவன் குழாயைப் பூட்டினான். ஈரக் கையை உதறினான்.

"கேட்டிரிந்தா?"

"ஓம் எண்டிருப்பா."

நீங்கள் நினைப்பதுபோல அவன் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருக்கலாம். உம்மாவின் கபுரைக் காட்டு என்று மட்டும் சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தான். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சாய்ந்தமருது, காரைதீவு தாண்டி நிந்தவூருக்குப் போனோம். மையவாடியில் அசர் நேரத்துச் சாய்ந்த வெயில். உம்மாவை அடக்கிய இடத்தைக் காட்டிவிட்டு நான் தள்ளி நின்றேன். அவன் சலாம் சொல்லித் துஆ ஓதினான். பிறகு, எதிரில் ஒரு ஆள் இருப்பதுபோல, "உம்மா, நான் ஒங்களத் தப்பா நினைச்சிட்டன்," என்றான். எனக்கு அவன் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

திரும்பி வந்து என்னை வீட்டு வாசலில் இறக்கினான். உள்ளே வரவில்லை. "ரிஸானாட்ட நீயே சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுதையும் நின்றபடியே கேட்டாள். என் வீட்டுக்காக என் காக்கா எதை விட்டார் என்று இவ்வளவு காலம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அழுதாள். பிறகு பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டு காக்கா வீட்டுக்குப் போனாள். எப்போது வருவாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் வெள்ளை மாபிளில் செருப்பில்லாமல் கொஞ்ச நேரம் நடந்தேன். எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோடாவது மனக்கசப்பு வந்தாலும் ரிஸானாவோடு சண்டை பிடித்தாலும் நேரே நிந்தவூருக்குப் போய் உம்மாவின் குசினியில் ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்காருவேன். என்ன நடந்தது என்று உம்மா கேட்கமாட்டா. பிளேன்டீயை ஊற்றி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பா. குடித்து முடிக்கும்போது, யாராவது கேட்டால் பிழை உம்மாவில்தான் என்று சொல்லிவிடு, உனக்கென்ன என்று சிரிப்பா. உம்மா போனபின், அந்த வீட்டில் இருக்கிற என் தங்கச்சி குசினியை இடித்து அறையாக்கிவிட்டாள். அன்று பின்னேரம் நான் சைக்கிளை வாசல்வரை உருட்டிக்கொண்டு போனேன். போவதற்கு ஓர் இடமும் இல்லாமல், திருப்பி உருட்டிக்கொண்டு வந்து வைத்தேன்.