மூடி திறக்காத பாட்டில்

சில வருடங்களுக்கு முன், பெங்களூரில் நான் எம்.ஏ. சேர்ந்த புதிது. பண்பாட்டு மானுடவியல் என்று ஒரு பாடம். பழக்கமில்லாத ஒரு வீட்டுக்குப் போய், அங்கே விருந்தாளியை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். எழுதியதை அவர்களிடமே படித்தும் காட்ட வேண்டும். "பார்க்கறப்போ நீங்களும் அங்க உட்கார்ந்திருக்கீங்க, அதை மறந்துடாதீங்க" என்றார் மேடம். பரீட்சைக்கு வரும் என்று அதை அடிக்கோடிட்டு வைத்ததோடு சரி.

நான் சேலத்துப் பெண். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் தோழியின் குடும்பம், கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஒக்கலிபுரத்தில் குடியிருந்தது. அவள் வீட்டுக்கே போனேன். முதல் நாள் அவள் அம்மா சொம்பில் தண்ணீர் நீட்டினார். "வேணாம் ஆன்ட்டி, எங்கிட்ட இருக்கு" என்று என் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு போனபோதெல்லாம் சில்லென்று ஒரு கூல்டிரிங்க்ஸ், மூடிகூடத் திறக்காமல் என் கைக்கு வந்துவிடும். எனக்கு ஒரே குஷி. ஆகா, ஒரு பழக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்!

படித்துக் காட்டும் நாளும் வந்தது. "இம்மக்கள் விருந்தினருக்கு வீட்டுத் தண்ணீர் தருவதில்லை. மூடி திறக்காத குளிர்பானம் தருவதே இவர்களது மரியாதை" என்று ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். பக்கத்திலிருந்த தோழி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ஆன்ட்டிதான் சிரித்தார்.

"இன்னா கண்ணு இப்டி எழுதிட்ட? எங்க வூட்டுக்கு வர்றவங்க எல்லாம் குழாத் தண்ணிதான் குடிப்பாங்க. எங்க ஜாதி தெரிஞ்ச சிலபேர்தான் சொம்ப தொடமாட்டாங்க. மூடி போட்ட பாட்டில்னா குடிப்பாங்க. நீயும் அன்னிக்கு வேணான்னியா, சரி, புள்ள சங்கடப்படக் கூடாதுன்னு வாங்கியாரச் சொன்னேன். அது எங்க பழக்கம் இல்லம்மா."

"பெங்களூர் தண்ணி எனக்கு ஒத்துக்கல ஆன்ட்டி..." என்று ஆரம்பித்தேன். அது பொய்யில்லை. ஆனால் அதே மாதம் மல்லேஸ்வரத்தில் மேல்ஜாதித் தோழி ஒருத்தி வீட்டில் நானாகக் கேட்டு வாங்கித் தண்ணீர் குடித்தது நினைவுக்கு வந்தது. ஜாதியா, நான் பார்ப்பேனா என்று அதுவரை எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அங்கே உட்காரவே கூசியது.

தண்ணீர் கேட்டேன். ஆன்ட்டி கொடுத்தார். மடமடவென்று குடித்து முடித்தேன். குடித்துக் காட்டுகிறேன் என்பது மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது.

தோழி அதன் பிறகும் என்னோடு நன்றாகத்தான் பேசினாள். ஆனால் வீட்டுக்கு வா என்று மட்டும் கூப்பிடவே இல்லை. நானும் கேட்கவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

அவர்கள் வீட்டுப் பழக்கம் என்று நான் எழுதிக்கொண்டு போனது என் வீட்டுப் பழக்கத்தைத்தான். இன்றும் யாராவது தண்ணீர் நீட்டினால், என் கை சொம்புக்குப் போகிறதா, பையிலுள்ள என் பாட்டிலுக்குப் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.