தண்ணீருக்குப் பிரியும் பசை

தங்கராசு இறந்துவிட்டார் என்ற செய்தியை அவருடைய தம்பி செவ்வாய்க்கிழமை காலை பட்டறைக்கு வந்து சொன்னார். "நெஞ்சு வலின்னாருங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." நான் இழைப்புளியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அரியலூரில் உங்களில் பலர் அவர் செய்த கட்டிலில்தான் படுக்கிறீர்கள். அவருடைய வேலையை நீங்கள் அறிவீர்கள். கூட்டாளியாக நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பட்டறை போட்டபோது இருவருக்கும் முப்பது வயது. இருவருக்குமே வஜ்ஜிரம் காய்ச்சத் தெரியாது. மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் அந்தப் பசையைத் திருச்சியிலிருந்து வில்லைகளாக வாங்கிவந்தேன். ஊறவைக்காமல் நேரே அடுப்பில் ஏற்றினேன். அது கருகி, தெருவே மூக்கைப் பொத்தியது. "எங்கப்பா வேட்டி வாசம்ப்பா இது" என்றார் தங்கராசு. அவருடைய அப்பா செத்த மாடு உரித்தவர். அந்த வேலை வேண்டாம் என்றுதான் மகன் உளி பிடித்தார்.

ஆனாலும் வஜ்ஜிரம் அவருக்குத்தான் முதலில் பிடிபட்டது. முதல் நாளே ஊறவைப்பார். வெந்நீர்ச் சட்டிக்குள் பசைச் சட்டியை இறக்குவார். ஒட்டப்போகும் பலகையையும் அனலில் காட்டுவார். "சூடு ஏறணும், கொதிக்கக் கூடாது. கொதிச்சா பசைக்கு உசிரு போயிடும்" என்பார்.

திருமானூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு அவர் தேக்கில் பூஜை அலமாரி செய்தார். பத்தே நாளில் அது பிரிந்துவிட்டதாக ஆள் வந்தது. புதுப் பட்டறை. பேர் கெட்டால் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். போய்ப் பார்த்தோம். மூட்டெல்லாம் வாய் பிளந்து கிடந்தது, இடுக்கில் மஞ்சள் கறை. செய்தவர் எந்தத் தெருக்காரர் என்று தெரிந்ததும், குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள்.

"மரம் பச்சைன்னு சொல்லிச் சமாளிச்சிடலாம். அடுத்த தடவை தண்ணிக்கு அசையாத டப்பாப் பசையப் போடுவோம்" என்றேன். எனக்கு வம்பு வேண்டாம் என்றிருந்தது.

"கழுவுனாலும் தாங்குற பசையப் போட்டா அவங்க கழுவிக்கிட்டேதான் இருப்பாங்க" என்றார். பிறகு வீட்டுக்காரரிடம் போனார். "ஐயா, இது மாட்டுத்தோலக் காய்ச்சுன பசை. எல்லா அலமாரியும் இதுலதான் நிக்குது. வேலையில குத்தமில்ல. தண்ணி ஊத்துனா பிரியும். ஊத்துறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பலகையாவே விட்டுட்டுப் போறேன்."

அடி விழும் என்றே பயந்தேன். வீட்டுக்காரர் பிளந்த மூட்டைக் குனிந்து பார்த்தார். கடைசியில், "ஒட்டிக் குடுப்பா. ஊத்த மாட்டோம்" என்றார். அவர்கள் ஊற்றவில்லை. அந்த அலமாரி இன்றும் நிற்கிறது.

திரும்பும் பஸ்ஸில் அவரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எத்தனையோ நாள் அவர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவருக்கென்று ஒரு தனி டம்ளர் உண்டு, கொல்லைப்புற மாடத்தில் கவிழ்த்திருக்கும். அவருக்குத் தெரியும். அங்கே அவர் கேட்டதை என் வீட்டில் நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த டம்ளர்தான். மூன்று நாளாக அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன். அவர் பார்க்கக் குடித்திருக்க வேண்டும்.